அழைப்பு துண்டாகாதது குறித்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடனும் கொஞ்சம் நடுக்கத்துடனும் எழுதுவது. நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள், உன் முழங்கால் வலியும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நானும் மகளும் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. கையில் போன் இருக்கும்போது இவன் ஏன் காகிதத்தில் எழுதுகிறான் என்று நினைப்பாய். போன் இருப்பதால்தான் எழுதுகிறேன்.

என் மகள் காலையில் சம்பளத்துக்கு ஒரு கம்பெனி வேலையும், மத்தியானத்துக்கு மேல் சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துக்கொண்டு இன்னொரு வேலையும் செய்கிறாள் அல்லவா, அந்த இரண்டாவது வேலையைப் பற்றி எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். போனில் நம்பர் அழுத்துவது, மணி அடிப்பது, பேசுவது, வைப்பது எல்லாவற்றையும் நடத்திவைக்க உள்ளே ஒரு மென்பொருள் இருக்கிறதாம். போன் கொஞ்சம் பழசானால் செய்த கம்பெனியே அதைக் கைகழுவிவிடுமாம். அப்படிக் கைவிடப்பட்ட போன்களுக்காக இவளும் முகம் தெரியாத சிலரும் சேர்ந்து அந்த மென்பொருளைப் புதிதாக எழுதுகிறார்கள். எழுதியதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தலாம், எடுத்துக்கொண்டு போகலாம். "என்ன விலைக்கு விக்கிறீங்க?" என்றேன். "விக்கலப்பா, சும்மாதான்" என்றாள். "யாருக்கு?" "யாருக்கு வேணுமோ அவங்களுக்கு." "அப்போ இதெல்லாம் ஒழுங்கா வேலை செய்யுதான்னு யாரு பார்க்கறது?" அவள் என் போனைப் பார்த்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம்.

அன்று என் போனில் அதை ஏற்றினாள். அன்றிலிருந்து நான் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. முதலில் மணி அடிப்பது நின்றது. பிறகு, வந்து போன அழைப்புகளுக்கெல்லாம் சேர்த்து மாலையில் அடித்தது. நான் குளியலறையிலிருந்து ஓடி வந்து எடுத்தால் மறுமுனையில் ஒரு ஈ காக்கை இல்லை. அது சரியானதும் வேறொன்று கிளம்பியது. போனைக் காதருகே கொண்டுபோனால் ஒலிபெருக்கி தானாக இயங்கத் தொடங்கியது. வங்கியில் வரிசையில் நிற்கும்போது பரிசோதனைக் கூடத்துக்காரர் கூப்பிட்டு, "சார், உங்க மலப் பரிசோதனை முடிவு வந்துடுச்சு, கொஞ்சம் நேர்ல வாங்க" என்றார். வங்கி முழுக்கக் கேட்டது. எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னால், "எந்தக் கையில பிடிச்சிருந்தீங்க?" என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறாள். முடிவு என்ன என்று கேட்கவில்லை. (ஒன்றுமில்லை, நன்றாகவே இருக்கிறது.)

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். உன் விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. அன்று நீ முழங்கால் வலியைப் பற்றி விவரமாகச் சொல்லி முடித்ததும் நான் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். திரை அணைந்தது. போனை மேசையில் வைத்துவிட்டு மகளிடம், "அக்கா ஆரம்பிச்சா நமக்கே முட்டி வலிக்க ஆரம்பிச்சுடுது. அத்தான் காது மிஷினைக் கழட்டி வெச்சுட்டாரே, அவர்தான் புத்திசாலி" என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு மணி பார்க்கப் போனை எடுத்தால் பேச்சு நேரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. திரைதான் அணைந்தது, அழைப்பு அணையவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் உன் பக்கம் துண்டானது. அதன் பிறகு நீ கூப்பிடவே இல்லை. உன்னைக் கூப்பிட எனக்கும் முகமில்லை.

மகளிடம், "எனக்கு இந்தப் போன் வேணாம், கடையில வேற வாங்கிக்கறேன்" என்று கத்தினேன். அந்த வாரம் முழுக்க அவளுக்கும் திட்டுதான். மென்பொருளை ஓசியில் வாங்கிக்கொண்டவர்கள் அவரவர் ஊரில் உட்கார்ந்து, வெட்கமில்லையா, வேறு வேலை பார் என்றெல்லாம் அதற்கான இணையப் பக்கத்தில் எழுதியிருந்தார்கள். "விட்டுடலாம்னு இருக்கேன்பா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, "போறதுக்கு முன்னாடி உங்க புகாரையும் எழுதிக் குடுங்க, போட்டுடறேன்" என்றாள். நான் மிச்சம் வைக்காமல் எழுதினேன். அவள் ஒரு வார்த்தை குறைக்காமல் மொழிபெயர்த்துப் போட்டாள், காது மிஷின் உட்பட.

இரண்டு நாளில் ஒருத்தி அதைச் சரிசெய்துவிட்டாள். எந்த நாடோ தெரியாது. பஸ் ஓட்டுகிறவளாம், ஓய்வு நேரத்தில் இந்த வேலையாம். "அவளுக்கு இதுல என்ன லாபம்?" என்றேன். "அவங்க அம்மாகிட்டயும் இதே பழைய போன்தானாம்பா" என்றாள் மகள். கீழே அந்தப் பெண் எழுதியிருந்ததையும் படித்துக் காட்டினாள்: "பிழை சரியாகிவிட்டது. அக்கா சரியானாரா?" அதற்குக் கீழே இன்னும் பலர் அதையே கேட்டிருந்தார்கள். என் மகள் கணினியை மூடாமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் மத்தியானம் வழக்கம்போல மேசையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் வேறு போன் வாங்கவில்லை.

ஆகவே அக்கா, நடந்தது மென்பொருளின் தவறு, பேசியது என் வாய்க்கொழுப்பு. மன்னித்துவிடு. அத்தானுக்கு என் வணக்கம். மிஷினைப் போட்டிருக்கும்போது சொல். உங்கள் இருவர் ஆசியும் எங்களுக்கு வேண்டும். ஒரு பதில் எழுதிப் போடு, திட்டியாவது.

அன்புத் தம்பி

பி.கு.: உறையை எடுக்கும் நேரத்தில் மகளின் போனில் நீ வந்துவிட்டாய். "ஏண்டா, எத்தனை தடவை கூப்பிடறது, செத்தியா இருக்கியான்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?" என்று நீ கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. நாம் பேசியதற்கு மறுநாள், தொல்லை அழைப்புகளைத் தடுக்கும் வசதியைச் சோதிக்க மகள் ஒரு நம்பர் கேட்டிருந்தாள். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது உன் நம்பர் ஒன்றுதான். சோதனை முடிந்ததும் அதைத் தடுப்புப் பட்டியலிலிருந்து எடுத்துவிட மறந்திருக்கிறேன். நாம் பேசிய அன்று நீ போனை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டாய், திரும்பி வந்துதான் அணைத்தாய், ஒன்றும் காதில் விழவில்லை என்றும் சொன்னாய். இத்தனை பக்கத்தை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. முழங்கால் பற்றிய வரிகளை மட்டும் கறுப்பு மையால் அழுத்தி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே. பார்த்துவிட்டால் உடனே கூப்பிடு. இப்போது மணி நன்றாக அடிக்கிறது.