ஒண்ணுமில்லைக்காரர்

உங்கள் அலுவலகத்திலோ பட்டறையிலோ ஒண்ணுமில்லைக்காரர் ஒருவர் கட்டாயம் இருப்பார். தேடிக் கண்டுபிடிப்பது சிரமமில்லை. எதன் மீதாவது மோதி விழுந்து, தூக்கிவிட ஓடிவருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிறாரே, அவர்தான்.

எனக்குத் தெரிந்தவர் ஒரு கிடங்கில் சுமை ஏற்றி இறக்குகிறவர். ஒருநாள் தள்ளுவண்டி சறுக்கி வந்து முழங்காலில் இடித்தது. மற்றவர்கள் பதறிக்கொண்டு வருவதற்குள் எழுந்து நின்று, சட்டையைத் தட்டிவிட்டு, "ஒண்ணுமில்ல" என்று சொல்லி, அது போதாதென்று அடிபட்ட காலாலேயே வண்டியை ஓர் உதை உதைத்து, அன்றைக்கு வழக்கத்தைவிட அதிகமாகச் சுமந்தார். ஏன்? கிடங்கு வாசலில் 'இந்த ஆண்டு விபத்தே இல்லை' என்று பலகை தொங்குகிறதே, அதைத் தன் முழங்கால் கெடுத்துவிடலாமா? மறுநாள் நொண்டியபோது, வீட்டு மாடிப்படியில் வழுக்கிவிட்டதாக மேற்பார்வையாளரிடம் சொல்லிவைத்தார். வீட்டிலோ, வண்டி லேசாக உரசியது என்றார். ஆண்டு முடிவில் விபத்தில்லாக் கிடங்குக்குப் பரிசாக ஆளுக்கொரு பிளாஸ்க் கிடைத்தது. வெந்நீர் ஒத்தடத்துக்கு உதவியது.

ஆண்டுகள் ஓடின, அவரால்தான் ஓட முடியவில்லை. அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் இனிச் சுமை தூக்கவே முடியாது என்று டாக்டர் சொன்ன பிறகு, மனைவி அவரை இழுத்துக்கொண்டு போய்த் தொழிலாளர் இழப்பீட்டு அலுவலகத்தில் நிறுத்தினார். வேலையில் பட்ட அடி என்று ஏற்றுக்கொண்டால் சிகிச்சைச் செலவை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். விசாரணைக்கு வந்த மேற்பார்வையாளர் மாடிப்படிக் கதையை மறக்கவில்லை. சாட்சிக்கு வந்த கிடங்கு நண்பரோ, உதவுவதாக நினைத்துக்கொண்டு உருகினார்.

"அண்ணன் அசரவே இல்ல சார். அந்தக் காலாலயே வண்டிய உதைச்சாரு. அப்படி ஒரு ஆள நான் பாத்ததே இல்ல."

அதிகாரி பேனாவை மூடினார். நம் ஆளுக்கோ பெருமை தாங்கவில்லை, முகமெல்லாம் மலர்ச்சி.

கடைசியாக ஒரு வாய்ப்பு. அலுவலக டாக்டர் முழங்காலை அழுத்தி, வலிக்கிறதா என்று கேட்டார். நம்மவருக்குக் கண்ணில் நீர் முட்டியது, உதடு கோணியது.

"ஒண்ணுமில்ல டாக்டர்."

மனைவி தலையில் அடித்துக்கொண்டார். "முட்டியக் கேளுங்க டாக்டர், இவரக் கேக்காதீங்க. இவருக்கு வேற பதில் தெரியாது."

முழங்காலிடம் வாக்குமூலம் வாங்க எந்த அலுவலகத்திலும் வழியில்லை. அவர் சொன்னதையே எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். சிகிச்சை நடக்கவில்லை, வேலையும் போயிற்று. அவரை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் கொஞ்ச நாளாக நாற்காலியை விட்டு எழும்போது மேசையைப் பிடித்துக்கொள்கிறீர்களே, என்னவென்று வீட்டில்கூடக் கேட்டார்களே, என்ன பதில் சொன்னீர்கள்?