மைத்துனரின் பாக்டீரியாக்கள் உயிரோடிருக்கின்றனவா

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

நான் நலம். தங்கள் அக்காவும் நலம். தாங்களும் அப்படியே இருப்பதாக எண்ணிக்கொள்கிறேன்.

கடிதமும், மாதிரிக்கு அனுப்பிய யோகர்ட் கோப்பையும் வந்தன. தங்கள் கடை ஃப்ரோசன் யோகர்ட்டில் உள்ள நல்ல பாக்டீரியாக்கள் அந்தக் குளிரில் செத்துப்போயிருக்கும் என்று எவரோ பரப்பிவிட, கூட்டம் பாதியாகிவிட்டது, வேதியியல் பேராசிரியரான அத்தான் அவை உயிரோடிருப்பதாகக் கையெழுத்திட்டால் சுவரில் மாட்டிப் பிழைத்துக்கொள்வேன் என்று எழுதியிருந்தீர்கள். பதினான்கு ஆண்டுகளுக்கு முன், சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும், "அத்தான் படிச்சதெல்லாம் பரீட்சையோட சரி" என்றவரும் தாங்கள்தான். அன்று சிரித்தவர்களின் பட்டியல் என்னிடம் இருக்கிறது. இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள், அவர்கள் பெயரைக்கூட இன்னும் அடிக்கவில்லை.

உள்ளதைச் சொல்கிறேன். செத்துத்தான் போயிருக்கும், அதை நிரூபித்து அனுப்பலாம் என்றே ஆரம்பித்தேன். காலையில் பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, தங்கள் கோப்பையிலிருந்து இரண்டு கரண்டி உருக்கி உறை ஊற்றினேன். உயிர் இருந்தால் பால் தயிராகும். பாத்திரத்தைத் துண்டால் சுற்றி, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

"என்னங்க, அடுப்படியில காவலா?"

"ஆராய்ச்சி."

"அதுக பாட்டுக்கு வேலை பாக்கும். நீங்க முறைச்சா கூச்சப்படும்" என்றாள் தங்கள் அக்கா.

முறைக்கவில்லை. ஜன்னல் வெளிச்சம் துண்டின் மேல் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் எப்போது சொக்கியதோ தெரியாது. ஒரே வெள்ளை. அதற்குள் கோடிக்கணக்கானவர்கள் போர்த்திப் படுத்திருக்கிறார்கள். சாகவில்லை, தூங்குகிறார்கள். மெல்ல வெதுவெதுப்பு வருகிறது. ஒருவர் புரண்டு, "விடிஞ்சிருச்சா?" என்கிறார். "இன்னும் கொஞ்ச நேரம் படு" என்கிறார் பக்கத்திலிருப்பவர். நானும் அவர்களோடு படுத்திருந்தேன். யார் மேலும் கோபமில்லை. பட்டியலைத் தேடினேன், காணவில்லை, கவலையும் படவில்லை. அப்படித் தூங்கி எத்தனையோ வருஷமாயிற்று.

விழித்தபோது சாயங்காலம். துண்டை விலக்கினால் தயிர் கெட்டியாக, அசைத்தாலும் ஆடாமல் நின்றது.

ஆகவே, குளிரில் அவை சாகவில்லை, தூங்கத்தான் செய்கின்றன என்று எழுதிக் கையெழுத்திட்டு இணைத்திருக்கிறேன். வயிற்றுக்குள் போய் அவை செய்யும் நன்மை ஆளுக்கு ஆள் மாறும்; சிலருக்குச் செரிமானத்துக்கு உதவலாம். அதற்கு மேல் அளக்க வேண்டாம். தாங்கள் கொட்டும் சர்க்கரைக்கு நான் பொறுப்பில்லை. மன்னித்துவிட்டதாகவும் நினைக்க வேண்டாம், இது விஞ்ஞானம்.

குடும்பத்தார் அனைவருக்கும் அவரவர் தகுதிக்கேற்ப என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அக்காவின் கணவன்

பின்குறிப்பு: மாப்பிள்ளை, தபாலில் போடுமுன் உன் அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன். "நீங்க முழிக்கிறதுக்கு ஒரு மணி நேரம் முந்தி தெறந்து பாத்தேன், பாலாவே கெடந்துச்சு. தம்பி கடை மூடிருவானேன்னு நம்ம வீட்டுத் தயிர் ரெண்டு கரண்டி போட்டுட்டேன்" என்கிறாள். ஒரு மணி நேரத்தில் எந்தத் தயிர் உறையும்? உறைய வைத்தது உன்னுடையதா, அவளுடையதா என்று இனி யார் சொல்வது? சான்றிதழைக் கிழித்துவிட்டேன். நாளைக் காலை பாத்திரத்தோடு நானே உன் கடைக்கு வருகிறேன். பால் வாங்கி வை. உறைகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். அக்காவை மட்டும் உள்ளே விடாதே.