சம்பந்திக்கு ஒரு துண்டு ஈரல்

ஆட்டு வைத்தியர்களில் ஒரு வகை உண்டு. நோய் இவருக்குத் தெரியாது. மருந்து மட்டும் தெரியும். எங்கள் நாரின் மலை மேய்ச்சல் வெளியில் இரண்டு கூடாரத்துக்கு ஒருவராவது தேறுவார். ஆடு மெலிந்தால் மாசிபத்திரி. கழிந்தால் மாசிபத்திரி. கழியாவிட்டால்? கொஞ்சம் கூடுதலாக மாசிபத்திரி. கசாயம் குடித்த ஆடு பிழைத்தால் அது மருந்தின் மகிமை. செத்தால் நீங்கள் இலை பறித்த நேரம் சரியில்லை, கிண்டிய கரண்டி சரியில்லை, அல்லது அந்த ஆட்டுக்கே பிழைக்கும் எண்ணம் இல்லை.

நம் ஜாங்காராச் அண்ணன் இதில் முதல் தரம். கால்நடை டாக்டர் புழு மாத்திரையோடு மலையேறி வந்தபோது, பக்கத்துக் கூடாரத்து உருல்கான் அக்கா தன் மந்தைக்கு வாங்கிக்கொண்டாள். அண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மாத்திர தின்ன ஆட்டுக்கறி காயிதம் மாதிரி இருக்கும், தங்கச்சி!"

அப்புறம் அவர் மகள் பெர்மெத்துக்கு நிச்சயம் வந்தது. அவளே ஆசைப்பட்டுச் சொன்ன மாப்பிள்ளை. எங்கள் பக்கம் தாம்பூலம் மாற்றுகிற வழக்கமில்லை. ஈரலையும் வால்கொழுப்பையும் நறுக்கிச் சம்பந்திகளுக்கு ஊட்ட வேண்டும். ஊட்டினால்தான் நிச்சயம். சம்பந்திகள் உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருக்க, கூடாரத்துக்குப் பின்னால் அண்ணன் தன் மந்தையிலேயே கொழுத்த ஆட்டை அறுத்தார். அவர் மனைவி ஐசாதா ஈரலைக் கீறினாள்.

"ஐயோ, ஒரே புழுவா இருக்குங்க!"

"செத்த புழுடி. மருந்து வேல செஞ்சிருக்கு."

"செத்ததா? நெளியுதே!"

"சாகப்போகுது. அவசரப்படாத."

"வேற ஆடு அறுத்தாலும் அதுவும் உங்க கசாயம் குடிச்சதுதான?"

பெர்மெத்தின் முகம் வெளுத்துவிட்டது. ஊட்டாமல் அனுப்பினால் சம்பந்திகள் மறுபடி வருவார்களா? "அப்பா, உங்க மருந்து நல்ல மருந்துதான். இப்ப உருல்கான் அத்தைகிட்ட போய் ஒரு ஆடு கேளுங்கப்பா," என்றாள். எனக்கே பாவமாக இருந்தது.

போனார். அக்கா ஆட்டை உடனே அவிழ்த்துவிட்டாள், ஆனால் அண்ணனைச் சும்மா விடவில்லை. "காயிதம் மாதிரி இருக்குமேண்ணே, பரவால்லயா?"

ஈரல் பளபளவென்று இருந்தது. ஊட்டியாயிற்று, பெர்மெத்துக்கு மூச்சு வந்தது. மாப்பிள்ளையின் அப்பா விரலை நக்கிக்கொண்டே கேட்டார்: "ஈரல்னா இதுல்ல ஈரல்! ஆட்டுக்கு என்ன குடுக்கறீங்க, சம்பந்தி?"

அண்ணன் மகளைப் பார்த்தார். ஆட்டோடு கூடவே வந்து உட்கார்ந்திருந்த உருல்கான் அக்காவைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மாசிபத்திரி."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள்: 'அந்தக் கசாயத்தில் கொஞ்சம் பூசணி விதையையும் அரைத்துப் போட்டிருந்தால் ஒரு புழுகூடத் தங்கியிருக்காதே' என்று நடுவில் உங்களுக்குத் தோன்றியதா, இல்லையா?