மூணு விசில் என்றால் மேலே

சாம்பியன் ரீப்ஸில் இன்றைக்கு நிற்கும் பல விஷயங்கள் நான் கட்டியவை. முதலாவது என் வீடு. ஒற்றை அறை லைன் வீட்டுக்கு மேல் மாடி போட்டு, மாடிக்கு மேல் தண்ணீர்த் தொட்டி வைத்து, தொட்டிக்கு மேல் ஒரு சிமெண்டுக் கழுகும் வைத்தேன். (பார்க்கிறவர்கள் எல்லோரும் அதைக் கோழி என்கிறார்கள். கொத்தனார் செய்த பிழைக்கு நான் பொறுப்பல்ல.) இரண்டாவது, மரம் வெட்டும் கம்பெனி. எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தை மூடியதும் என் வயதுக்காரர்கள் விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு ஓடினார்கள். நான் ஓடவில்லை. ஓர் அரிவாளும் ஒரு கயிறும் வைத்துக்கொண்டு, எங்கள் ஊரின் ஒரு முனையான கோரமண்டலிலிருந்து மறுமுனையான பாலகாட் வரை பழைய பங்களாக்களின் கூரையில் சாய்ந்த மரத்தையெல்லாம் இறக்கினேன். மூன்றாவது, எங்கள் தெருச் சாக்கடைக்குப் பாலம். நான்காவது, என் மகள் கௌதமியின் படிப்பு. (இதில் தனக்கும் பங்கு உண்டு என்கிறாள் என் மனைவி மல்லிகா. இருக்கலாம்.)

இத்தனையும் ஆறாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு. ஏழாவதில் பாதி நாள் போனேன், அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இவ்வளவு கட்டியவனை ஊர் எதற்காக நினைவு வைத்திருக்கிறது? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கயிற்றில் தொங்கியபடி மேலே போய், கீழே வந்து, மறுபடி மேலே போனதற்காக.

எங்கள் புத்த விகாரையின் முற்றத்தில் ஓர் அரச மரம் இருக்கிறது. சுரங்கத்தில் வேலை செய்த காலத்தில் பௌத்தம் தழுவிய எங்கள் முன்னோர் வைத்தது. அந்த மரத்தை இரும்பால் குத்தக்கூடாது என்பது வழக்கம். பஞ்சசீலக் கொடி கட்டுவதென்றாலும் நூலால்தான் கட்டுவோம், ஆணி கிடையாது. போன மழையில் அதன் பெரிய கிளை ஒன்று பிளந்து, விகாரையின் தகரக் கூரைக்கு மேல் அந்தரத்தில் தொங்கியது. உள்ளே குழந்தைகள் உட்கார்ந்து படிக்கிற இடம் அது.

நான் ஏறி எடுக்கிறேன் என்றேன். என் வழி எளிது. காலில் இரும்பு முள் வைத்த பூட்ஸைக் கட்டிக்கொண்டு, மரத்தில் குத்திக் குத்தி ஏறுவேன். விகாரைக் கமிட்டியின் செக்ரெட்டரி, ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"போதி மரத்தைக் குத்துவீங்களா?"

சரி, வேறு என்ன வழி என்று கேட்டேன். பங்காருப்பேட்டையில் கிரேன் வைத்திருக்கும் ஒருவர் வந்து பார்த்தாராம். சந்து குறுகல், கிளைக்குக் கிரேன் எட்டாது, அதனால் மரத்தையே அடியோடு எடுத்துவிடலாம் என்றாராம். கமிட்டி தலையாட்டிவிட்டது. ஆணி அடித்தால் பாவம், அடியோடு அறுத்தால் பாதுகாப்பு. படித்தவர்கள் கணக்கு எனக்குப் புரிவதில்லை.

அப்போதுதான் கௌதமி பெங்களூரிலிருந்து வந்து கமிட்டி முன்னால் நின்றாள். அங்கே அவளுக்கு மரம் பராமரிக்கும் வேலை. ஒற்றைக் கயிற்றில் ஏறுவாளாம். முள் வேண்டாம், ஆணி வேண்டாம், மரத்தில் ஒரு கீறல் விழாது, பிளந்த கிளையை மட்டும் துண்டு துண்டாக இறக்கித் தருகிறேன் என்றாள். கமிட்டியில் இருவர் சிரித்தார்கள். செக்ரெட்டரி மட்டும் சிரிக்காமல் சொன்னார்: ஞாயிறு மதியம் பன்னிரண்டு மணி வரை நேரம், முடியாவிட்டால் திங்கட்கிழமை கிரேன்.

சனிக்கிழமை வீட்டுக் கூடத்தில் சாமான்களைப் பரப்பினாள். இடுப்புக்கும் தொடைக்கும் சேர்த்துப் பட்டை. கயிற்றைக் கடிக்கிற பல்லுள்ள இரண்டு கிளிப், ஒன்று கைக்கு, ஒன்று நெஞ்சுக்கு. அப்புறம் தனியாக ஓர் இரும்புச் சாமான்.

"இந்த ரெண்டு கிளிப்பும் மேல மட்டும்தான் ஓடும் நைனா. கீழ இழுத்தா கடிச்சுக்கும். இறங்கணும்னா இந்தத் தனிச் சாமானுக்கு மாறணும். அது தெரியாம ஒருத்தரும் ஏறக்கூடாது."

"கயிறு ஓடாதா?"

"கயிறு அப்படியே நிக்கும். நாமதான் அது மேல ஏறுவோம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூமிக்குள் ஆயிரக்கணக்கான அடி இறங்கி ஏறியவன் நான். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் நாங்கள் நிற்போம், கயிறு ஓடும். அதுதானே கயிற்றுக்கு அழகு? மனுஷன் ஓடிக் கயிறு நிற்பதற்கு எதற்குக் கயிறு? இதை உரக்கவே சொன்னேன். மல்லிகா எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள்.

ஞாயிறு காலை கௌதமி ஒரு மெல்லிய நூலில் கனமான சிறு பையைக் கட்டி எறிந்தாள். மூன்றாவது எறியில் அது பிளவில்லாத நல்ல கிளையைத் தாண்டி விழுந்தது. நூலைப் பிடித்துக் கயிற்றை இழுத்து மேலே போட்டாள். கயிற்றின் ஒரு முனையை மரத்தடியில் கட்டிய ஓர் இரும்பு உருளையில் சுற்றி, மிச்சக் கயிற்றை அங்கேயே குவித்து வைத்தாள். மேலே இருப்பவருக்கு ஏதாவது ஆனால், கீழே நிற்பவர் உருளையிலிருந்து மெல்ல விட்டு இறக்கலாம்.

"ரெண்டு பேர் இதுல தொங்கிப் பாக்கணும், கிளை தாங்குதான்னு. அப்புறம்தான் ஏறணும். கூட ஏறத் தெரிஞ்ச இன்னொரு ஆளும் வேணும். ரூபா ரயில்ல வர்றா, கூட்டிட்டு வந்துடறேன். யாரும் எதையும் தொடாதீங்க."

ஸ்கூட்டரில் ஸ்டேஷனுக்குப் போனாள். ரயில் தாமதம். மணி பத்தானது. முற்றத்தில் பாதி ஊர் உட்கார்ந்திருந்தது.

மாணிக்கம் என் பக்கத்தில் வந்து நின்றான். சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாயிலில் நின்று, மணிச் சத்தம் எண்ணிக் கேஜை அனுப்பிய ஆள். பிறகு என் கம்பெனியில் என் வலது கை.

"இன்னாண்ணே, பொண்ணு ஏறப் போவுது. நீ கீழ நின்னு தழை பொறுக்கப் போறியா?"

செக்ரெட்டரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க இன்னைக்குப் பார்வையாளரா?"

அதற்குமேல் நான் என்ன செய்ய முடியும்? பட்டையை மாட்டினேன். (ஒரு காலை மாற்றி மாட்டினேன். மாணிக்கம் திருத்தினான்.) ஹெல்மெட் போட்டேன். இறங்கும் சாமான் கனமாக இருந்தது, பையிலேயே விட்டுவிட்டேன். என் கம்பெனிச் சட்டப்படி விசிலை வாயில் வைத்தேன். சுரங்கத்து மணிக் கணக்குதான் எங்கள் விசில் கணக்கும். ஒன்று என்றால் நிறுத்து. இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் மேலே தூக்கு.

முதல் பத்தடி ராஜா மாதிரி ஏறினேன். கீழே கைதட்டினார்கள். அடுத்த பத்தடியில் என் வயது எனக்குத் தெரியவந்தது. மேல்மூச்சு வாங்கியது. வாயில் விசில். மூச்சு விட்டேன். பீப், பீப், பீப்.

மாணிக்கத்தின் காதில் விழுந்தது மூன்று. சுரங்கம் மூடி இத்தனை வருஷமாகியும் அவன் கை மூடவில்லை. "மூணு. ஆளைத் தூக்குங்க," என்றான். உருளையிலிருந்து கயிற்றைக் கழற்றி, கமிட்டியில் ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டு இழுத்தான். நான் ஏறாமலே ஏறினேன். பயத்தில் ஒரு மூச்சு. பீப். நிறுத்தினார்கள். இரண்டு மூச்சு. சர்ரென்று இறக்கினார்கள். தரை கைக்கு எட்டும் தூரத்தில் வந்தபோது நிம்மதியில் மூன்று மூச்சு விட்டுவிட்டேன். மறுபடி மேலே.

விசிலைத் துப்பியிருக்கலாமே என்று இன்றும் கேட்கிறார்கள். அந்த வாரம்தான் மேல் பல் செட் புதிதாக வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் அது நிற்காது. ஊர் முன்னால் உயிர் போகலாம், பல் போகக்கூடாது என்று கடித்துக்கொண்டு தொங்கினேன். இன்னொரு தடவை இப்படியே கீழே வந்து, மூன்றாவது தூக்கில் கை கிளிப் கிளையின் கவட்டையில் போய்ச் சிக்கி, என்னை அங்கேயே நிறுத்தியது. அப்புறம் எத்தனை மூச்சு விட்டாலும் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

"இறங்க மாட்டேங்கறாருய்யா," என்றான் மாணிக்கம் கீழிருந்து, ஏதோ என் பிடிவாதம் போல.

அப்போதுதான் ஸ்கூட்டர் உள்ளே வந்தது. பின்னால் இருந்த ரூபா கன்னடத்தில், "யாரு மேடம் அவ்ரு?" என்று கேட்டாள். கௌதமி வண்டியை நிறுத்திவிட்டு நேரே செக்ரெட்டரியிடம் நடந்தாள். அவர் போனைக் காதில் வைத்திருந்தார். கிரேன்காரருக்குத்தான்.

"சார், போனை வைங்க. மணி பன்னெண்டு ஆவல." பிறகு கூட்டத்தைப் பார்த்து, "கயித்த மறுபடி உருளைல சுத்துங்க. அப்புறம் ஒருத்தரும் தொடக்கூடாது," என்றாள்.

இன்னொரு கயிறு போட்டாள். ரூபாவும் மாணிக்கமும் அதில் தொங்கிப் பார்த்தார்கள். கௌதமி ஏறி வந்தாள். அவள் ஏறியதை நான் அவ்வளவு பக்கத்தில் அன்றுதான் பார்த்தேன். மூச்சு வாங்கவில்லை. கிளை அசையவில்லை.

"பயமா கீதா நைனா?"

இல்லை என்று தலையாட்டினேன். கை மட்டும் கிளையை விடவில்லை.

"எனக்கு கீது," என்றாள் மெதுவாக. "நம்மால மரம் போயிடும்."

நான் கட்டிய வீடு, கம்பெனி, பாலம், கழுகு எதுவும் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை. அவள் என் பட்டையைத் தன் பட்டையோடு மாட்டி, கவட்டையில் சிக்கிய கிளிப்பை விடுவித்து, கடைசியாக என் வாயிலிருந்து விசிலைப் பிடுங்கினாள். அதோடு பல் செட்டும் வந்தது. முப்பது அடி கீழே, செக்ரெட்டரியின் செருப்புக்கு முன்னால், சிரித்தபடி விழுந்தது. அவர் குனிந்து பார்த்தார். தன் கைக்குட்டையில் எடுத்து வைத்தார். முப்பது வருஷம் பிள்ளைகளை மேய்த்தவர், சிரிப்பை அடக்கத் தெரிந்தவர். மற்றவர்கள் வாத்தியார் இல்லை.

மகளின் கயிற்றில் மகளோடு சேர்ந்து இறங்கினேன். ஒரு வார்த்தை பேசவில்லை. பல் இல்லாமல் எப்படிப் பேசுவது?

அவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் மறுபடி ஏறினாள். பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிடம் இருந்தபோது அந்தக் கிளையின் கடைசித் துண்டு தரைக்கு வந்தது. தகரத்தில் ஒரு நெளிவு இல்லை. மரத்தில் ஒரு கீறல் இல்லை. கிரேன்காரரை வரவேண்டாம் என்று செக்ரெட்டரியே போன் செய்தார்.

இப்போது என் வீட்டில் குக்கர் வைத்தால் மூன்றாவது விசிலுக்கு மல்லிகா அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பாள்: "மூணு ஆச்சு, உங்க நைனாவ மேல தூக்குங்க." கௌதமியைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் இந்தக் கதையைச் சொல்லித்தான் சிரிக்க வைத்தாள். சம்பந்தம் முடிந்ததே இந்தக் கதையால்தான் என்கிறாள்.

சிரிக்கட்டும். என் விவகாரம் வேறு. விகாரைச் சுவரில் பலகை வைத்திருக்கிறார்கள்: "கிளை நீக்கி மரம் காத்தவர் கௌதமி." எழுத்து நன்றாக இருக்கிறது. ஆனால் ஏறும் முன் இரண்டு ஆள் தொங்கி அந்தக் கயிற்றைச் சோதிக்க வேண்டும் என்று சொன்னது அவளேதான். யார் தொங்கியது? இரண்டு ஆள் எடை உள்ள ஒருவன், மூன்று தடவை தூக்கி இரண்டு தடவை இறக்கப்பட்டு, கவட்டையில் அரை மணி நேரம் தொங்கினான். கிளை தாங்கியது. அதற்குப் பிறகுதான் அவள் தைரியமாக வேலை செய்தாள். செக்ரெட்டரி அய்யா, பலகையில் இரண்டாவது வரிக்கு இடம் இருக்கிறது, நான் அளந்து பார்த்துவிட்டேன். "கயிறு சோதித்தவர்" என்று போட்டு என் பெயரை எழுதுங்கள். பெயின்ட் நானே வாங்கித் தருகிறேன்.