நேசனுக்கு இரண்டு தரம் மௌன அஞ்சலி

ஆங்கிலம் சரிவரப் புரியாத ஒருவன் லண்டனில் 'யெஸ்' என்று சொல்லிவிடக் கூடாது. நான் முதல் ஏழெட்டு வருடங்கள் அதை மட்டும்தான் சொன்னேன். வீட்டுக்காரருக்கு யெஸ், கவுன்சில் ஆளுக்கு யெஸ், பல் டாக்டருக்கும் யெஸ். (பல் டாக்டருக்குச் சொன்ன யெஸ்ஸால் ஒரு நல்ல கடைவாய்ப் பல் போனது. அந்தப் பக்கத்தால் இன்றைக்கும் முறுக்குக் கடிக்க ஏலாது.) ஆனால் ஒரு ரெஃப்ரிக்குச் சொன்ன யெஸ்தான் என் மானத்தை வாங்கியது.

யாழ்ப்பாணத்தில் கல்லூரி நாட்களில் நான் நானூறு மீட்டர் ஓட்டக்காரன், உதைபந்தாட்டக் கேப்டன். எண்பத்தைந்தில் தெற்கு லண்டன் டூட்டிங்குக்கு வந்து ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் இரவு ஷிப்ட் பிடித்தேன். ஊரில் விளையாடிய பெடியள் சேர்ந்து ஒரு ஞாயிறு லீக்கில் கடைசிப் பிரிவில் இடம்பிடித்தோம். இரண்டாவது குளிர்காலத்தில் சேற்றில் வழுக்கி என் முழங்கால் திரும்பியது. இனி விளையாட்டு இல்லை என்றார் டாக்டர். (அவருக்கும் யெஸ்.) என்னைக் கழற்றிவிட மனம் வராமல் பெடியள் என்னைக் கோச் ஆக்கினார்கள். பையைத் தூக்குவது, வலை கட்டுவது, கத்துவது என்று மூன்று வேலை. மூன்றாவதில் எனக்கு நிகர் யாருமில்லை. என் சத்தம் கோலியர்ஸ் வுட் ஸ்டேஷனுக்குக் கேட்கும் என்பார்கள்.

அந்தச் சத்தத்தில் பாதி நேசனுக்கே போனது. கல்லூரியிலிருந்து என்னோடு விளையாடியவன். இடது கரை அவனுடையது. பந்து யாரிடம் இருந்தாலும் விசில் ஊதியதும் என் வாய் தானாகத் திறக்கும்: "நேசன், கரையாலை ஓடு!" அங்கே கேப்டனாகக் கத்தியதை இங்கே கோச்சாகக் கத்தினேன், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நவம்பர் காலை, வேலைக்குப் போக வீதியைக் கடந்த நேசனை ஒரு டெலிவரி வான் அடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போக முன்பே முடிந்துவிட்டது. முப்பத்திரண்டு வயது. மனைவி வசந்தி ஊரிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. லண்டனில் அவனுக்குச் சொந்தம் என்று வேறு யாரும் இல்லாததால் சவப்பெட்டியை எங்கள் டீம்தான் தூக்கியது. சண்டையால் ஊரோடு தொடர்பு அறுந்திருந்த நேரம். தாய்க்குச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்றே எங்களுக்குத் தெரியாது.

செத்தவீடு முடிந்த அடுத்த ஞாயிறு மேட்ச் இருந்தது. வேண்டாம் என்றார்கள் சிலர்.

"வீட்டிலை இருந்து என்னடா செய்யப்போறம்?" என்றேன் நான். பத்துப் பேர் வந்தார்கள். பதினோராவது ஆளைத் தேட யாருக்கும் மனம் வரவில்லை.

நான் எதிர்பாராதது, வசந்தியும் வந்ததுதான். ஒவ்வொரு மேட்ச்சுக்கும் தேத்தண்ணி பிளாஸ்கோடு வந்து நிற்பவள், அன்றைக்கும் பிளாஸ்கோடு வந்து நின்றாள். என்ன சொல்வது என்று தெரியாமல் நான் பைக்குள் தலையை விட்டு, தேவையே இல்லாத ஒரு பண்டேஜைத் தேடத் தொடங்கினேன்.

அப்போது ரெஃப்ரி வந்தார். உயரமான வெள்ளைக்காரர். குனிந்து மிக மெதுவாக ஏதோ சொன்னார். 'மினிட்' என்ற ஒரு சொல் மட்டும் காதில் பிடிபட்டது. ஒரு நிமிடம் பிந்தும் என்கிறார் போல என்று நினைத்தேன்.

"யெஸ், யெஸ். நோ ப்ராப்ளம்" என்றேன், சிரித்துக்கொண்டே. அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்.

எங்கள் கோல் கீப்பர் அவரிடம் நேசனைப் பற்றிச் சொல்லி, ஒரு நிமிட மௌனத்துக்கு ஒழுங்கு செய்திருக்கிறான். ரெஃப்ரி என்னிடம் சொல்வார் என்று அவன் விட்டுவிட்டான். ரெஃப்ரியும் சொன்னார்தான்.

விசில் ஊதியது. பைக்குள்ளிருந்து நிமிர்ந்தேன். எதிர் டீம் வெள்ளைக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் மரம் போல நிற்கிறார்கள். இன்னும் தயாராகவில்லை, இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று பட்டது.

"என்னடா பாத்துக்கொண்டு நிக்கிறியள்? ஏறுங்கோ! நேசன், கரையாலை ஓடு! கரையாலை!"

அந்த மைதானத்தில் வேறு எந்தச் சத்தமும் இல்லை. எங்கள் பெடியள் தலை குனிந்து நின்றதை அப்போதுதான் கண்டேன். என்ன பெயரைச் சொன்னேன் என்பது அதற்குப் பிறகுதான் எனக்கே கேட்டது. கோல் கீப்பர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. வசந்தி எனக்குப் பக்கத்தில்தான் நின்றாள்.

"அண்ணை," என்றாள். "இனியாவது அவரைக் கொஞ்சம் இருக்க விடுங்கோ."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். செத்தவீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் கல்லாக இருந்தவள், சிரித்துக்கொண்டே அழத் தொடங்கி, அப்படியே ஈரப் புல்லில் இருந்துவிட்டாள். நானும் முழங்கால் வலியோடு பக்கத்தில் இருந்தேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் பத்துப் பேரும் அழுதார்கள்.

ரெஃப்ரி பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்து, முதலிலிருந்து இன்னொரு நிமிடம் தந்தார். இந்த முறை நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றேன்.

ஏழுக்குப் பூச்சியம் தோற்றோம். கோல் எல்லாம் எங்கள் இடது பக்கத்தால்தான் வந்தது. அந்தக் கரையை ஒருவரும் போய் அடைக்கவில்லை. கோச் நானும் அடைக்கச் சொல்லவில்லை.

வசந்தி பிறகு படித்து, வேலை எடுத்து, இன்னொரு கலியாணமும் செய்து ஹரோ பக்கம் போய்விட்டாள். இந்தக் கதையை ஊரெல்லாம் பரப்பியவள் அவள்தான், நான் கத்தியதை என்னைவிட நன்றாகக் கத்திக் காட்டுவாள். எங்கள் வீட்டில் பள்ளிக்குப் பிந்தினாலும், பஸ்ஸைப் பிடிக்க ஓடினாலும், யாராவது ஒருவர் "நேசன், கரையாலை ஓடு!" என்போம். லண்டனில் பிறந்த என் மகள் அதைக் கெதியாக வா என்பதற்கான தமிழ் என்றே நினைத்திருந்தாள். எட்டு வயதில் ஒருநாள் கேட்டாள், "அப்பா, ஹூ இஸ் நேசன்?"

"எங்கடை லெஃப்ட் விங்" என்றேன்.

"நல்லா விளையாடுவாரா?"

"நல்லா விளையாடுவான். ஆனா ஒருநாளும் நான் சொன்ன மாதிரி ஓடினதில்லை."