கட்டைவிரல் கோளாறு

உலகமே தலைகீழாகப் புரண்டாலும் சரி, இந்த ஞாயிற்றுக்கிழமை நான் பீரோ தூக்கப் போவதில்லை. புதன்கிழமையே இந்த முடிவை எடுத்துவிட்டேன். மனைவியிடம் மட்டும் சொல்லவில்லை. அந்த அளவுக்கு நான் வீரனில்லை.

விஷயம் இதுதான். அவளுடைய அண்ணன் வீடு மாற்றுகிறார். ஒரு மூன்றாம் மாடியிலிருந்து இறங்கி இன்னொரு மூன்றாம் மாடிக்கு ஏறுகிறார். அவரிடம் ஓர் இரும்பு பீரோ இருக்கிறது. போன தடவை அதன் அடிப்பக்கம் என் பங்குக்கு வந்தது. அன்று பிடித்துக்கொண்ட இடுப்பு இன்னும் என்னை விடவில்லை. போதாததற்கு, இந்த ஞாயிறு டிவியில் இறுதி ஆட்டம்.

என்னைக் காப்பாற்ற வந்தது எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர். மனைவி அதில்தான் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் நடத்துகிறாள். கொஞ்ச நாளாக அதற்கு ஒரு வியாதி. சும்மா விட்டால் தூங்கிவிடும். எழுப்பினால் ஒரு விநாடி கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, பொசுக்கென்று உயிரை விடும். பாதி தயாரித்த பாடமும் கூடவே போய்விடும். திங்கட்கிழமை அவள் தேர்வு வேறு வைத்திருந்தாள்.

"நான் இருக்கேன்ல" என்று மார்தட்டினேன். மறுநாள் ஆபீசில் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கிறவரிடம் ரகசியமாகக் கேட்டேன். திரையை இயக்கும் மென்பொருள் பழசு, புதுசு போடுங்கள் என்றார். போட்டேன். வெள்ளிக்கிழமையே வியாதி போன இடம் தெரியவில்லை. எழுப்பினால் சமர்த்தாக எழுந்து உட்கார்ந்தது.

பெருமையாகச் சொல்ல வாயைத் திறந்தேன். பீரோ ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

மேஜைக்கு அடியில் தரையில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கிடக்கிறது. ஒவ்வொரு பிளக்குக்கும் ஒரு ஸ்விட்ச். கம்ப்யூட்டரின் ஸ்விட்ச் சரியாக என் வலது கால் கட்டைவிரலுக்கு எட்டும். கடவுள் கட்டைவிரலை எதற்குப் படைத்தார் என்று அன்றுதான் புரிந்தது.

சனிக்கிழமை மத்தியானம் மனைவி வந்தாள்.

"ஏங்க, சரியாச்சா?"

"எங்க! நீயே எழுப்பிப் பாரு."

மவுஸை அசைத்தாள். திரை கண் திறந்தது. கட்டைவிரலை அழுத்தினேன். திரை செத்தது.

"ஐயையோ, மறுபடியுமா?"

"முத்திப்போன கேஸ். நாளைக்குப் பூரா உட்கார்ந்து பார்த்தாத்தான் ஆகும். உங்க அண்ணன் வீட்டுக்கு வரணும்னு எனக்கும் ஆசைதான், என்ன பண்றது?"

"பரவாயில்லைங்க, இதுதான் முக்கியம். நான் மட்டும் போய்ட்டு வரேன்."

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சம்மதித்ததில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். எனக்கிருந்த குஷியில், அவள் கேட்காமலேயே இன்னும் இரண்டு தடவை அதைச் சாகடித்துக் காட்டினேன்.

ஞாயிறு காலை. அவள் புறப்பட்டு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள்.

"கிளம்பறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை பார்த்துடலாமா?"

"தாராளமா!"

மவுஸை அசைத்தாள். கட்டைவிரலை அழுத்தினேன். கம்ப்யூட்டர் பூரண ஆரோக்கியத்தோடு பளிச்சென்று எழுந்தது. பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த டேபிள் ஃபேன் ஒரு முனகு முனகிவிட்டு நின்றது.

"என்னங்க இது, கம்ப்யூட்டரை எழுப்பினா ஃபேன் தூங்குது?"

"அது... வோல்டேஜ்..."

"இன்னொரு தடவை அழுத்துங்க."

"எதை?"

"கால்ல என்ன இருக்கோ, அதை."

அழுத்தினேன். ஃபேன் ஓடியது. எனக்கு மட்டும் வியர்த்தது.

"நேத்து சாயங்காலம் கூட்டறப்போ பார்த்தேன். பாக்ஸ் பூரா ஒரே தூசி. ஒரு ஸ்விட்ச் மட்டும் துடைச்சு வச்ச மாதிரி பளபளன்னு இருந்துது. அதான் கம்ப்யூட்டர் பிளக்கையும் ஃபேன் பிளக்கையும் மாத்திச் சொருகினேன்."

இனி மறைக்க என்ன இருக்கிறது? சரணாகதி அடைந்தேன்.

"சட்டையை மாட்டிட்டு வரேன். பீரோவோட அடிப்பக்கத்தை நானே பிடிக்கறேன்."

"எந்த பீரோ? அண்ணன் ஆள் வச்சு நேத்தே எல்லாத்தையும் மாத்திட்டாரே! மாப்பிள்ளை இடுப்பு பாவம்னு அவருக்கே மனசு கேக்கலையாம். இன்னைக்கு அங்க சாப்பாடும் மேட்சும்தான். புது டிவி, சுவர் அகலத்துக்கு வாங்கியிருக்காரு."

"அப்ப நானும் வரேன்!"

"எப்படி வருவீங்க? கம்ப்யூட்டரைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு ராத்திரியெல்லாம் தூங்கலன்னு அண்ணன்கிட்ட உருகி உருகிச் சொல்லிட்டேன். இப்ப சிரிச்ச முகமா போய் நின்னா உங்க மானம்தான் போகும்."

வாசலில் செருப்பை மாட்டியவள், போகிற போக்கில் திரும்பினாள்.

"நீங்க இங்கயே மேட்ச் பாருங்க. ஆனா முதல்ல ஒரு சின்ன வேலை. கம்ப்யூட்டரை சுவர் பிளக்ல மாட்டிட்டா உங்க காலுக்கு எட்டாது. அந்த பிளக் நம்ம பீரோவுக்குப் பின்னாடி மறைஞ்சிருக்கு. எல்லாத்தையும் காலி பண்ணி, அதை எதிர்ச் சுவருக்குத் தள்ளி வச்சிடுங்க."

அண்ணன் பீரோவைத் தூக்க நாலு ஆள் வந்தார்களாம். எங்கள் பீரோவுக்கு நான் ஒருத்தன்தான்.