நான்கு நிமிடத் தூரம்

கணக்கில் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்தவனிடம் மட்டும் வழி கேட்கக் கூடாது. எங்கள் வீட்டில் என்னிடம் கேட்டார்கள்.

இரண்டாயிரத்தின் தொடக்கம். நான் பொறியியல் மாணவன் (அதாவது, எல்லாம் தெரிந்தவன்). எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூர். அக்காவுக்கு, ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தட்டிப்போனதில் அப்பா பாதி ஆளாகியிருந்தார். அம்மாவுக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

"அம்மாந்தூரம் மலை மேல குடுத்துட்டு, நெனச்சா எப்டிடா போய்ப் பாக்கறது?" என்று அழுதாள்.

அந்த அழுகையை நிறுத்தத் திருவண்ணாமலைக்குப் பஸ் ஏறினேன். ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்கள் உட்காரும் பிரவுசிங் சென்டரில், இரண்டு ஊர்ப் பெயரைப் போட்டால் தூரம் சொல்லும் இணையதளம் ஒன்றைப் பிடித்தேன். ஐம்பத்து மூன்று கிலோமீட்டர். விமானத்தில் நான்கு நிமிடம் என்றது. (இரண்டு ஊரிலும் விமானம் எங்கே இறங்கும் என்று எனக்கு உறைக்கவில்லை.)

"நாலே நிமிஷமா!" அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கை நனைக்கப் போகும் நாள் வந்தது. மாப்பிள்ளை வீட்டுச் சோற்றைப் பெண்வீட்டார் சாப்பிட்டால்தான் சம்பந்தம் உறுதி. அன்று ஞாயிறு. பன்னிரண்டுக்கு எமகண்டம் ஆரம்பித்துவிடும். அதற்குள் சாப்பிட உட்கார வேண்டும். விடியற்காலையே கிளம்பலாம் என்றார் அப்பா.

"ஒரு மணி நேரமே ஜாஸ்திப்பா. இப்பவே போயி அவங்க ஊட்டு வாசல்ல நிக்கறதா?" என்று அவரை அடக்கி, பத்து மணிக்கு வேனைக் கிளப்பினேன்.

சாலை நேர்க்கோட்டில் போகவில்லை. திருவண்ணாமலை, போளூர் என்று சுற்றிக்கொண்டு போனது. மலை ஏறியதும் வளைவுக்கு வளைவு பெரியம்மா வாந்தி எடுத்தாள்.

"இன்னும் எவ்ளோ தூரம்ங்க?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"இப்பதான சார் மலையே ஆரம்பிச்சிருக்குது."

அப்பா வாட்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இந்தச் சம்பந்தத்தை நானே கெடுத்துவிட்டேன் என்று தோன்றியது.

அப்போது எதிரே ஒரு பைக் வந்து நின்றது. எங்களைக் காணோமே என்று தேடி வந்த மாப்பிள்ளை. பின்னால் தூக்குச்சட்டியோடு அவர் அப்பா.

"ஊட்டுக்கு வர்றதுக்குள்ள எமகண்டம் வந்துடும்ங்க. இதுவும் எங்க ஊட்டுச் சோறுதான? இங்கயே கை நனைச்சிடுங்க" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

சாலையோரம் நின்றபடியே ஆளுக்கொரு பிடி சாமைச் சோறு வாங்கிச் சாப்பிட்டோம். பெரியம்மாகூட மறுக்கவில்லை. அப்பா இன்னொரு பிடி கேட்டு வாங்கினார்.

இன்றும் யாராவது தூரம் கேட்டால், "வண்டியிலயா, மச்சான் கணக்குலயா?" என்பார் அந்த மாப்பிள்ளை, இப்போது என் மாமா. வீடே சிரிக்கும். அக்கா வந்துவிட்டுத் திரும்பும்போது, பஸ் ஸ்டாண்டில் அம்மாவும் அதைத்தான் சொல்வாள்.

"போய்ட்டு வாடி, நாலு நிமிஷம்தான."

சொல்லிவிட்டு, பஸ் கண்ணுக்கு மறையும்வரை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பாள். அப்போது மட்டும் நாங்கள் யாரும் சிரிப்பதில்லை.